வெயில் பொது, கூரை?

சூரியன் எல்லாருக்கும் பொதுவாம். சோலார் தகடு மாட்டச் சொல்லும் விளம்பரம் எதை எடுத்தாலும் இந்தப் பேச்சு இருக்கிறது. வெயில் பொதுதான் தோழர்களே, அதில் நமக்குத் தகராறு இல்லை. தலைமுறை தலைமுறையாக அதை முதுகில் வாங்கியவர்கள் நாம். அதைப் பிடித்து மின்சாரமாக்க ஒரு கூரை வேணுமே, அது யாரிடம் இருக்கிறது?

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ‘பிரதமர் சூர்ய கர்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000. 1 கிலோவாட் போட ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். சொந்த வீடு, உறுதியான கூரை, முறையான மின் இணைப்பு எல்லாம் இருக்கணும். விழுப்புரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் சேரியில் பாதிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ். தொகுப்பு வீடு கொஞ்சம் உண்டு, அதன் தளத்தில் கம்பி வெளியே தெரியுது. மீட்டர் செத்துப்போன பெரியப்பா பேரில், பட்டா யார் பேரில் என்று கேட்டால் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். மானியம் யார் வீட்டு மாடியில் போய் உட்காரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இதைத்தான் யாரும் சேரியில் வந்து விளக்குவதில்லை. மானியத்தில் போடுவது பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு பிணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பு. லைனில் கரண்ட் போனால் அதுவும் தானாகவே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சாமி ஊர்வலம் எங்க தெருவுக்கும் வரணும் என்று கேட்டதற்கு வந்த பதில், மூன்று ராத்திரி இருட்டு. டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில் நிற்கிறது. பீஸ் கட்டையைப் பிடுங்கியது யார் என்று யாருக்குமே தெரியாதாம்! மொட்டை மாடி முழுக்கத் தகடு வைத்திருந்தாலும் அந்த மூன்று ராத்திரியும் அந்தச் சேரி இருட்டில்தான் கிடந்திருக்கும்.

அதனால் மானியம் கேட்காமல், பேட்டரியோடு சின்னதாக நானே போட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் மேல் கால் வைத்தால் உள்ளே விழ வேண்டியதுதான். துளை போட்டால் அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். முற்றத்தில் 10 அடி இரும்புக் குழாயை நட்டு, இரண்டரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு, அதன் தலையில் தகட்டை மாட்டினேன். கொடிக்கம்பம் நடுவதில் நம்ம ஆளுங்களுக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது? குழி வெட்டவே நாலு பேர் வந்தாங்க.

100 வாட் தகடு ஒரு மீட்டர் நீளம். தெற்கே பார்த்து, ஒரு பக்கம் ஒரு சாண் தூக்கி வைத்தால் போதும், நம்ம பகுதிக்குத் தேவையான 12 பாகைச் சாய்வு வந்துவிடும். ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைத்தால் 500 வாட் மணி. சூடு, தூசி, பேட்டரி எல்லாம் தின்றது போகக் கைக்கு வருவது 350. செலவு பாருங்கள்: 7 வாட் விளக்கு மூன்று, 5 மணி நேரம், 105. 12 வோல்ட் பேன் 20 வாட், ராத்திரி 8 மணி நேரம், 160. இரண்டு போனுக்கு 20. மொத்தம் 285. இதற்கு 60 ஆம்பியர் மணி டியூப்ளர் பேட்டரி. அதில் 720 இருக்கும், பாதியைத் தாண்டாமல் எடுத்தால் நாள்பட உழைக்கும். எல்லாம் சேர்ந்து எனக்கு 16,000 ரூபாய் ஆனது.

கடைக்காரன் மெல்லிய ஒயரைத்தான் எடுத்து நீட்டுவான். வாங்காதீர்கள். 12 வோல்ட்டில் ஒயர்தான் எல்லாம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 10 மீட்டர் இழுத்தால் வெயில் உச்சியில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே செத்துப்போகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டோடு போச்சு. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம் தகடு, கடைசியில் விளக்கும் பேனும். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யணும். பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் ஒட்டினாற்போல 15 ஆம்பியர் பீஸ் கட்டாயம். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான். முருங்கைக் கிளை நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தால்கூடப் போச்சு. உள்ளே 36 செல் ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கிறது, ஒன்று இருண்டால் மொத்தமும் படுத்துக்கொள்ளும்.

இவ்வளவுதான் ரகசியம். இதைத் தெரிந்துகொள்ள யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எங்க அத்தை கேட்டாங்க, “ஏம்ப்பா, ஒயர இப்பிடித் தொடுறியே, ஷாக்கு அடிக்காதா?” 12 வோல்ட் அப்படி அடிக்காது, ஆனா ஸ்பேனர் ரெண்டு முனையிலயும் பட்டா நெருப்பு பறக்கும் அத்தே என்றேன். மறுநாள் மல்டிமீட்டரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவங்களே அளந்தாங்க, 12.6!

2011இல் தமிழக அரசு சூரிய சக்திப் பசுமை வீடு என்று தொடங்கியது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், வீட்டுக்கு 5 சிஎஃப்எல் விளக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் எந்தப் பேட்டரிக்கும் ஆயுள் சில வருஷம்தானே? அதைப் பராமரிக்கிற அறிவை அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைக்காமல் சாமானை மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் தானம். தானம் வாங்கிச் சலித்தவர்கள் நாம்.

நம் தோழர்கள் சிலருக்கு இதில் கோபம். என்ஜிஓ வேலை, அரசைத் தப்பிக்கவிடும் வேலை என்கிறார்கள். பாதி உண்மை. பீகார் தர்ணாயில் 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார் போட்டுக் கொடுத்தது. முன்னாள் முதலமைச்சர் வந்தபோது அந்த ஊர்ச் சனங்கள் அவர் முகத்துக்கு நேராகவே எங்களுக்கு அசல் கரண்ட் கொடு என்று கேட்டார்கள். சரியாகத்தான் கேட்டார்கள். என் பேட்டரியில் மிக்சி ஓடாது, தையல் மோட்டார் நாள் முழுக்க ஓடாது, தறி ஓடவே ஓடாது. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர், மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1943இல் மின்சாரக் கொள்கைக் குழுவில் அவர் பேசியது வீட்டு விளக்கைப் பற்றி அல்ல. மலிவான, ஏராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் பெருகாது, தொழில் பெருகாமல் இந்தச் சனங்கள் வறுமையிலிருந்து மீள முடியாது என்று வாதாடினார். ஆக, டிரான்ஸ்பார்மரைச் சேரிக்குள் கொண்டுவா என்கிற கோரிக்கையை நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. அது வரும் வரைக்கும் பிள்ளைகள் எதில் படிப்பார்கள் என்பதற்குத்தான் என் குழாயும் தகடும்.

நம் வீட்டில் ஒரு பேன் சுற்றுவதே சிலருக்குக் குற்றமாகப் படும் நாடு இது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து எதையெல்லாம் நொறுக்கியது? டி.வி.யை, பேனை, தையல் மிஷினை. உழைத்தும் வெளிநாடு போய்ச் சம்பாதித்தும் வாங்கியவை அவை. இந்தத் தகடும் கண்ணாடிதான், ஒரு கல் போதும். தெரிந்துதான் நட்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் தெருவில் ஏழு வீட்டில் கம்பம் நிற்கிறது. மூன்றாவது வீட்டிலிருந்து ஒயரிங் எல்லாம் பிளஸ் டூ படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் வேலை. பேட்டரி நாலு வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அந்தப் பணத்துக்கு அரசு மானியம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். பதில் வருகிறபோது வரட்டும். வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் சீட்டும் பிடித்தாகிவிட்டது. நாலு வருஷத்தில் ஒரு வீட்டுக்கு 7,200 ரூபாய் சேரும். நோட்டு அத்தையிடம் இருக்கிறது.