ஒரு தம்ளர் தண்ணீர்

சின்னச் சின்ன உதவிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் சபைகளில் இரண்டு சாராருக்கு ஆவதில்லை.

ஒரு சாரார் பிரசங்கிகள். நற்கிரியையால் எவனும் ரட்சிக்கப்படமாட்டான், விசுவாசம் ஒன்றே போதும் என்பது இவர்கள் பல்லவி. காய்ச்சலில் கிடக்கும் அடுத்த வீட்டுக் கிழவிக்கு ஒரு செம்பு கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பதை இவர்கள் தப்பென்று சொல்வதில்லை. "அதை ஊரில் யார் வேண்டுமானாலும் செய்வார்களே, அதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போய்விடுகிறார்கள்.

மற்றொரு சாரார் என் முற்போக்கு நண்பர்கள். "கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு கொடுக்கிறீர்கள், கிணற்றை மட்டும் பூட்டியே வைத்திருக்கிறீர்கள். உங்கள் தர்மமெல்லாம் அந்தப் பூட்டுக்கு விடும் எண்ணெய்" என்பது இவர்கள் கட்சி.

பின்னவர் பக்கம் நியாயம் அதிகம். ஆகவே பிரசங்கியாரோடு உள்ள வழக்கை முதலில் தீர்த்துக்கொள்கிறேன். நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

விசுவாசமா, கிரியையா என்ற சண்டை பழையது. கிரியை இல்லாத விசுவாசத்தைச் செத்துப்போன ஒன்றாக யாக்கோபு தம் நிருபத்தில் எழுதினார். மார்ட்டின் லூதருக்கு அந்த நிருபம் பிடிக்கவில்லை. 1522-இல் தாம் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றே சொல்லிவிட்டார். பாவமன்னிப்புச் சீட்டுகளைக் காசுக்கு விற்ற காலம் அது. அந்த மனிதர் கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. நம் பிரசங்கியாருக்கு என்ன காரணம்? லூதரின் கோபத்தை இரவல் வாங்கித் தம் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொள்கிறார், அவ்வளவுதான்.

மத்தேயு சுவிசேஷத்தில் கடைசி நாளின் நியாயத்தீர்ப்பு வருகிறது. எத்தனை கூட்டம் நடத்தினாய், எத்தனை அடி உயரத்தில் கோபுரம் எழுப்பினாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்குத் தங்க இடம், இல்லாதவனுக்கு உடுதுணி, நோயாளியையும் சிறையில் கிடப்பவனையும் போய்ப் பார்த்தது: இவ்வளவுதான் வினாத்தாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேறியவர்களுக்குத் தாங்கள் எழுதிய விடையே ஞாபகமில்லை. இதையெல்லாம் நாங்கள் எப்போது செய்தோம் என்று விழிக்கிறார்கள்.

நம் ஆலயத்து டியூப் லைட்டைப் பாருங்கள். உபயதாரர் பெயரை எழுதி எழுதி, மிஞ்சிய இடத்தில்தான் வெளிச்சம் வருகிறது. இந்த உபயதாரர் நியாயத்தீர்ப்பு நாளில் விழிக்கப் போவதில்லை. தேதியும் தொகையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்!

உதவி என்றால் கையில் அகப்பட்டதை எடுத்து வீசுவதல்ல. அதற்குப் புத்தி வேண்டும். எரிகோ சாலையில் கள்ளர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்தச் சமாரியன் செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோமா? எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனான். சத்திரத்தில் அன்று கூடவே இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலி, கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் அவன் புத்தி தெரிகிறது. கொடுத்த காசு தீர்ந்ததும் சத்திரக்காரன் நோயாளியைத் திண்ணையில் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறான். இரக்கம் ஒருவேளை விலகிப் போன ஆசாரியனுக்கும் இருந்திருக்கும். இந்த யோசனை அவனுக்கு இல்லை.

இன்னொன்று. யவீருவின் பன்னிரண்டு வயது மகளை இயேசு உயிரோடு எழுப்பினார் என்று மாற்கு எழுதுகிறார். நம்முடைய அற்புதப் பெருவிழாக்காரர்கள் அந்த இடத்தில் அல்லேலூயா சொல்லிக் காணிக்கைப் பையை அனுப்பிவிடுவார்கள். மாற்கு இன்னும் ஒரு வார்த்தை எழுதுகிறார்: பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றாராம். எல்லாரும் வாய் பிளந்து நிற்கும்போது குழந்தைக்குப் பசிக்குமே என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அந்த அற்புதத்தைவிட இந்த நினைப்பு பெரிதாகத் தோன்றுகிறது.

சரி, முற்போக்கு நண்பரிடம் வருவோம். "எரிகோ சாலையில் நாளைக்கும் ஒருவன் அடிபடுவானே, சாலைக்குக் காவல் போடுவது யார்?" என்கிறார். சரியான கேள்வி. காவல் போடத்தான் வேண்டும். ஆனால் இந்த நாட்டில் பெரிய அநியாயம் எப்போதும் பெரிய உருவம் எடுத்து வருவதில்லை என்பதை அவர் மறந்துவிடுகிறார். இங்கே அது தம்ளர் உருவத்தில் வருகிறது.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் ஜாதி பார்ப்பதை விட்டொழிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஆண்டவரைப் பிரிய முடிந்தது. ஜாதியைப் பிரிய முடியவில்லை. கடையில் பாத்திரத்தைப் பிரித்து வைப்பது குற்றம் என்று 1955-இல் சட்டமே வந்தது. அதன் பிறகும் எத்தனையோ ஊர்களில் டீக்கடையில் இரட்டைத் தம்ளர் இருந்தது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அறிக்கையும் சட்டமும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவை வாசல்வரை வந்தன. வாசலைத் தாண்டி அடுப்படிக்குள் போய் எந்தத் தம்ளரை எடுப்பது என்று முடிவு செய்வது ஒரு மனிதனின் கை. அந்தக் கை அசைவைச் சின்னக் காரியம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சீகார் ஊர்க் கிணற்றடியில் இயேசு செய்தது என்ன? யூதர் சமாரியரோடு புழங்காத காலம். அவர் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்கவில்லை, அவளிடம் கேட்டார். மொள்ள அவரிடம் பாத்திரம் கிடையாது. குடித்தால் அவள் பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும். கொடுப்பதில் நமக்கு ஒரு கௌரவம் மிச்சமிருக்கிறது. அண்ணாந்து குடிக்கச் சொல்லிக்கூடத் தண்ணீர் வார்க்கலாம். கேட்டு வாங்கிக் குடிப்பதில் அந்தக் கௌரவம் போய்விடுகிறது. அது போன பிறகுதான் மனிதனும் மனிதனும் சரிசமமாக நிற்க முடியும்.

ஆகவே பிரசங்கியாருக்கும் முற்போக்கு நண்பருக்கும் ஒரே விண்ணப்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அல்லது உங்கள் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியதும், ஊர்க்கோடிக் காலனிக்குப் போங்கள். போட்டோக்காரரை அழைத்துப் போகாதீர்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "தாகமாயிருக்கிறது தாயே" என்று கேளுங்கள். அந்த வீட்டுத் தம்ளரில், உதடு பட்டுக் குடியுங்கள்.

குடித்துவிட்டு வாருங்கள். விசுவாசம் பெரிதா, கிரியை பெரிதா, புரட்சி பெரிதா என்று அப்புறம் பேசுவோம்.