கதகதப்பு விக்கிறாங்கோ... வாங்கலியோ!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. வீட்டுல ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வெச்சுக்கிட்டு பாட்டு பதிவு பண்ற நண்பர்கள் சில பேருக்கு இதைப் படிச்சா கோபம் வரும். வரட்டும்.

"டிஜிட்டல் ரெக்கார்டிங் சில்லுன்னு இருக்குய்யா, உயிரே இல்ல. கொஞ்சம் டேப் சாச்சுரேஷன் போடு, கதகதன்னு ஆயிடும்." இதை எத்தனை பேர் என்கிட்ட சொல்லியிருக்காங்கன்னு கணக்கே இல்ல. நானும் பல வருஷம் இதையே அடுத்தவங்களுக்கு உபதேசம் பண்ணியிருக்கேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்னு இந்தப் பதிவை வெச்சுக்கங்க.

முதல்ல, சாச்சுரேஷன்னா என்ன? மந்திரமெல்லாம் இல்ல. காந்த நாடாவுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதுக்கு மேல சத்தத்தைத் திணிச்சா அலையோட உச்சி மழுங்கிடும். மழுங்கின அலையில, பாடினவங்க பாடாத மேல்சுரங்கள் முளைக்கும். டேப்புல பெரும்பாலும் மூணாவது மடங்கு: ச பாடினா மேல்ஸ்தாயி ப லேசா ஒட்டிக்கும். சில வகை வால்வு சர்க்யூட்டுல ரெண்டாவது மடங்கு: மேல் ச. இதுக்கெல்லாம் ஒரே பேர்தான், டிஸ்டார்ஷன். ஒரு டேப் எவ்வளவு தாங்கும்னு அளக்கும்போதே, இந்த மூணாவது மடங்கு 3 சதவீதத்தைத் தொடற இடத்தைத்தான் எல்லைன்னு வெச்சாங்க. அது தாண்டக்கூடாதுன்னு போட்ட வேலி. நாம அந்த வேலி மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு காத்து நல்லா வருதுங்கிறோம்.

1935ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில ஏ.இ.ஜி. கம்பெனி மேக்னடோஃபோன் டேப் ரெக்கார்டரைக் காட்டினாங்க. அதுக்கப்புறம் அரை நூற்றாண்டு, டேப்போட மாரடிச்ச பொறியாளர்கள் சண்டை போட்டது இந்த இரைச்சலோடயும் திரிபோடயும்தான். 1960களின் நடுவுல ரே டால்பி கொண்டு வந்த முறை எதுக்கு? டேப்போட 'ஸ்ஸ்ஸ்'ஸை அடக்கறதுக்கு. 1982ல் சிடி வந்தது. 16 பிட், ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சு. அவங்க தவமிருந்து கேட்ட வரம் கிடைச்சாச்சு. நாம என்னடான்னா, காசு குடுத்து அந்த 'ஸ்ஸ்ஸ்'ஸைத் திரும்ப வாங்கறோம். சில ப்ளக்இன்கள்ல இரைச்சலைக் கூட்டறதுக்குன்னே தனியா ஒரு திருகு இருக்கு! எங்க போய் முட்டிக்கிறது :-)

"அப்ப பழைய பாட்டெல்லாம் எப்படி அவ்வளவு இதமா இருக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு பெரிய கூடம். வயலின்காரங்க, தபலா, குழல், பாடறவங்க எல்லாரும் ஒண்ணா இருந்து வாசிச்சாங்க. ஒருத்தர் தப்பு பண்ணினா எல்லாரும் முதல்லேர்ந்து. அதனால ஒத்திகை பலமா இருந்தது. ஒருத்தர் மைக்குல இன்னொருத்தர் சத்தமும் கூடத்தோட எதிரொலியும் விழுந்தது. நாம என்ன பண்றோம்? படுக்கையறையில மைக்கை வாயோட ஒட்டி வெச்சு, ஒவ்வொரு கருவியா தனித்தனியா எடுத்து, தாளத்தைக் கட்டத்துக்குள்ள அடுக்கி, சுருதியை மென்பொருள்ல நேராக்கி, எல்லா உயிரையும் நாமளே உறிஞ்சி எடுத்துட்டு, 'டிஜிட்டல் சில்லுன்னு இருக்கு'ன்னு பழியை அது மேல போடறோம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு. சாச்சுரேஷன் போட்டா சத்தம் கொஞ்சம் கூடும். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டா, கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி நம்ம காதுக்குத் தோணும். சத்தம் குறைஞ்சா அடி சத்தம் காதுக்கு எட்டாம போகும்னு ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933லேயே அளந்து காட்டிட்டாங்க. நம்பிக்கை இல்லேன்னா, போட்டதையும் போடாததையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டு, எது எதுன்னு பார்க்காம கேட்டுப் பாருங்க. நான் செஞ்சு பார்த்தேன். பாதிக்கு மேல 'போடாதது'தான் ஜெயிச்சது. மானம் போச்சு.

அதுக்காக இது எதுக்குமே உதவாதுன்னு சொல்ல வரல. மிருதங்கத்தோட தொப்பி சத்தம் ஃபோன் ஸ்பீக்கர்ல வரவே வராது, அவ்வளவு கீழ அதால இறங்க முடியாது. அந்த ட்ராக்குக்கு மட்டும் லேசா சாச்சுரேஷன் போட்டா அதோட மடங்குகள் மேல எழும்பும். மடங்குகளைக் கேட்ட காது, இல்லாத அடிச் சத்தத்தைத் தானே நிரப்பிக்கும். இது நல்ல வைத்தியம். நோய் எதுன்னு தெரிஞ்சு குடுக்கிற மருந்து. நான் திட்டறது எல்லாத்துக்கும் ஒரே தைலத்தைத் தேய்க்கிறவங்களை.

அதுலயும் தம்புரா வெச்சுப் பாடற நம்ம சங்கீதத்துக்கு இது போதாத காலம். யோசிச்சுப் பாருங்க. தம்புராவோட குதிரை மேல, கம்பிக்கு அடியில ஒரு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையா நகர்த்தி ஜீவா பிடிக்கிறாங்களே, அது எதுக்கு? மேல்சுரங்கள் பூத்து வரத்தான். மிருதங்கத்துல கரணை வெக்கறதும் அதுக்குத்தான். அது எப்படின்னு சி.வி. ராமன் 1920லேயே எழுதியிருக்கார். கதகதப்பை வாத்தியத்துக்குள்ளயே வெச்சுட்டுப் போயிருக்காங்க நம்ம ஆளுங்க. அது மேல நாம இன்னொரு ஜமுக்காளத்தைப் போத்தறோம்.

போத்தினா மூச்சு முட்டறதோட நிக்காது. ரெண்டு சுரம் சேர்ந்து சாச்சுரேஷன் வழியா போனா, ரெண்டுலயும் இல்லாத புது சுரங்கள் பிறக்கும். தம்புராவோட ச-வை 5ன்னு வெச்சுக்கங்க. சாதாரண காந்தாரம் 6. டேப் மாதிரியான திரிபு, ஒண்ணை இரட்டிச்சு இன்னொண்ணைக் கழிச்ச மாதிரி சுரங்களை உண்டாக்கும். பத்துல ஆறு போனா 4. பன்னிரண்டுல அஞ்சு போனா 7. அந்த 4, மந்திர ஸ்தாயி சுத்த தைவதம். அந்த 7, கிட்டத்தட்ட பிரதி மத்யமம். பாடறது கரஹரப்ரியான்னா ரெண்டுமே அன்னிய ஸ்வரம்! போதாக்குறைக்கு, பாடறவங்க காந்தாரத்தை அசைச்சு மேல கொண்டு போனா, அந்தத் தைவதப் பேய் எதிர்த்திசையில கீழ இறங்கும். லேசா போட்டா காதுக்கு எட்டாது. அழுத்திப் போட்டா குரல்ல ஒரு கலங்கல் வந்துடும். ஏன்னு புரியாது, ஆனா மனசு ஒட்டாது.

இது எனக்கு எப்படித் தெரியும்னு சொல்றேன்.

2012 தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப பெரியம்மா பாடினதைச் சின்ன டிஜிட்டல் ரெக்கார்டர்ல பதிவு பண்ணினேன். தம்புராவும் குரலும் சேர்ந்து ஒரே பதிவு. முப்பத்தஞ்சு நிமிஷம். நடுவுல குக்கர் விசில்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து அதை 'கதகதப்பு' ஆக்கினேன். நல்லா அழுத்தி. எவ்வளவு பெருமைன்னா, அதே ஃபைல் மேலயே சேமிச்சேன். ரெக்கார்டர்ல இருந்ததையும் இடம் வேணும்னு அழிச்சேன்.

பெரியம்மா 2016ல் போயிட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு அக்கா கேட்டா, அந்தப் பதிவை அனுப்பினேன். கேட்டுட்டு ஃபோன் பண்ணினா. "அம்மா மாதிரிதான் இருக்கு. ஆனா அம்மா தொண்டை இப்படி அடைச்சிருக்காதேடா?"

"அன்னிக்கு அவங்களுக்கு ஜலதோஷம்க்கா"ன்னு சொல்லிட்டேன்.

மழுங்கின உச்சியைத் திரும்பக் கூராக்கற ப்ளக்இன் இல்ல. மாதிரி பண்றதுக்கு இருக்கு. அது கணிப்பு, பெரியம்மா இல்ல. உப்பு கூடின குழம்புல தண்ணியைத்தான் ஊத்தலாம், உப்பை எடுக்க முடியாது.

அதனால நண்பர்களே, கதகதப்பு வேணும்னா மைக்கை ஒரு முழம் தள்ளி வைங்க. நல்ல அறையா பாருங்க. ரெண்டு பேரை ஒண்ணா உட்கார வெச்சு வாசிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் சாச்சுரேஷன் வேணும்னு தோணினா தாராளமா போடுங்க, தனி ட்ராக்குக்கு, சத்தத்தைச் சமமாக்கிட்டு. தம்புராவும் குரலும் கலந்த பதிவு மேல போடாதீங்க. எது பண்ணினாலும் மூலப் பதிவைத் தொடாதீங்க. ரெண்டு இடத்துல நகல் எடுத்து வைங்க. வீட்டுப் பெரியவங்க பாடினதுன்னா மூணு இடத்துல.

அக்கா, நீ இதையெல்லாம் படிக்கிறதில்லைன்னு தெரியும். ஒருவேளை படிச்சா: அன்னிக்குப் பெரியம்மாவுக்கு ஜலதோஷம் இல்ல. தொண்டை கணீர்னுதான் இருந்தது.