சிமெந்து முற்றத்துக்குப் பச்சை உறை வேண்டாம்

சிமெந்து முற்றத்தில் செயற்கைப் புல் விரித்தால் சேறில்லை, வெட்டும் வேலையில்லை, வீடும் பசுமையாகும் என்கிறார் நண்பர். சேறில்லை என்பது சரி. மற்ற இரண்டையும் பன்வில மழையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நக்கிள்ஸ் மலையடிவாரத்து ஊர் இது; மழைக்குக் குறைவில்லை. தரையில் சரியான சாய்வு இல்லையென்றால், விரிப்பின் துளைகளில் இறங்கும் நீர் சிமெந்தின் மேலேயே தேங்கி நிற்கும். விளிம்பைத் தூக்கிப் பாருங்கள்: பாசி, வழுக்கல், புழுங்கிய நாற்றம். சருகு கூட்டவும், கழுவவும், காயவைக்கவும் வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். வெயிலிலோ அந்த பிளாஸ்டிக் இழைகள் இயற்கைப் புல்லை விட மிக அதிகமாகச் சூடேறும். வெறுங்காலோடு பிள்ளைகள் நிற்க முடியாது.

1966இல் ஹூஸ்டனின் கூரையிட்ட அரங்கில் செயற்கைப் புல் புகழ்பெற்றதற்குக் காரணம், உள்ளே புல் வளரவில்லை என்பதே. பன்விலவில் புல்லுக்கு என்ன குறை? தேய்ந்து உதிரும் இழைத்துகள் மழையோடு கானுக்குள் போகும். இங்கிருந்து ஹுலு கங்கை, பிறகு விக்டோரியா நீர்த்தேக்கம். இதே போன்ற கவலையால்தான், செயற்கைப் புல் மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக் துகள்களை 2031 முதல் விற்கக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமே இயற்றியது.

கூரையுள்ள பால்கனியில் விரியுங்கள், தடையில்லை. திறந்த முற்றத்திலோ, சிமெந்தின் ஒரு பகுதியையாவது உடைத்து, மண் நிரப்பி, மலேசியப் புல் நடுங்கள். மழைநீர் நிலத்துக்குள் இறங்கட்டும். பசுமை என்ற பெயருக்கு அதுதான் தகும்.