'பொறுப்பு' கோச் டு ஹெட் கோச்: க்ளிஃபோர்ட் மிராண்டாவால் இரண்டாகப் பிரிந்த சென்னையின் ரசிகர்கள்! | கேலரி டாக்

சென்னையின் எஃப்.சி ரசிகர் யாரிடமாவது இப்போது "புது கோச் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் டீ இருந்தால் அது ஆறிவிடும்.

2025 அக்டோபரில் அணியின் தலைமைப் பயிற்சியாளராக கோவாவைச் சேர்ந்த க்ளிஃபோர்ட் மிராண்டா அறிவிக்கப்பட்டார். 2014-ல் அணி தொடங்கியதிலிருந்து முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான். அறிவிப்பு வந்த நாளிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. இல்லை, எண்ணிப் பார்த்தால் நாலு கட்சி!

ஏன் இவ்வளவு சத்தம்? இதற்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தால் புரியும். முதலில் மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஸிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே இத்தாலிக்காரர். 2015-ல் கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில், தோற்றுவிட்டோம் என்று எழுந்துபோகவிருந்த நேரத்தில், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை கைக்கு வந்தது. அடுத்து, ஆஸ்டன் வில்லாவின் முன்னாள் மேனேஜர் ஜான் கிரிகரி. 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பை. பிறகு ஓவன் காய்ல். பர்ன்லியை பிரீமியர் லீகுக்கு அழைத்துப்போனவர். 2019 டிசம்பரில் அவர் வந்தபோது சென்னை அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து நேராக ஃபைனல்.

"வெளிநாட்டு கோச்தான் வேணும்" என்கிற முதல் கட்சியின் மொத்த வாதமும் இந்த மூன்று பேர்தான். வெளிநாட்டுப் பயிற்சியாளர் வெறும் பேருக்கு வருவதில்லை, அவருடைய போன் புக்கும் சேர்ந்துதான் வருகிறது என்பார்கள் இவர்கள். நல்ல ஸ்ட்ரைக்கர் எங்கே சும்மா இருக்கிறார், எந்த ஏஜென்ட்டிடம் பேசினால் படியும் என்பதெல்லாம் அந்த நாட்டில் பழகியவருக்குத்தான் தெரியும்.

நியாயமான பேச்சுதான். ஆனால், இவர்கள் வசதியாக மறந்துவிடும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. சாபா லாஸ்லோ, போசிடார் பாண்டோவிச், தாமஸ் பிரடாரிச். மூவருமே ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்தான். 2020-21, 2021-22, 2022-23 என மூன்று சீசனிலும் சென்னை முடித்த இடம் 8. மூன்று வருடமும் அதே எட்டு! எட்டாம் நம்பர் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போட்டதுபோல அங்கேயே குடியிருந்தது அணி. காய்லே 2023-ல் இரண்டாவது முறை திரும்பி வந்து, முதல் சீசனில் ப்ளே-ஆஃப் வரை கொண்டுபோனவர், அடுத்த சீசனில் 13 அணிகளில் 11-வது இடத்தில் விட்டார். அந்த சீசனில்தான், 2025 ஜனவரியில், கேரளா பிளாஸ்டர்ஸ் சென்னைக்கே வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனது. பட்டியலில் எத்தனையாவது என்பதைக்கூட மன்னித்துவிடுவார்கள். கேரளாவிடம் சொந்த ஊரில் தோற்றதை மன்னிக்க மாட்டார்கள்.

எப்போதும் 'பொறுப்பு'தான்!

சரி, மிராண்டா யார்? டெம்போ அணி இந்தியக் கால்பந்தை ஆண்ட காலத்தில் அதன் நடுக்களத்தில் ஆடியவர். இந்திய அணிக்கும் ஆடியவர். ஆனால், அவருடைய கோச்சிங் பயோடேட்டாவில்தான் கதை இருக்கிறது.

2020 தொடக்கத்தில் எஃப்.சி கோவா தன் ஸ்பெயின் பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவைப் பாதி சீசனில் அனுப்பியது. மிச்ச ஆட்டங்களுக்கு யார்? மிராண்டா. லீக் ஷீல்டு கோவாவுக்குக் கிடைத்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்கு இந்தியாவிலிருந்து தகுதிபெற்ற முதல் கிளப் என்ற பெருமையும் அதோடு வந்தது. அடுத்த சீசனுக்கு கோச் யார்? ஸ்பெயினிலிருந்து ஹுவான் ஃபெராண்டோ.

2023-ல் ஒடிசா. அங்கேயும் சீசன் முடியும் நேரத்தில் ஸ்பெயின் கோச் ஹோசப் கோம்பாவு போக, பொறுப்பு மிராண்டாவிடம் வந்தது. அந்த ஏப்ரலில் கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என்று வென்று சூப்பர் கோப்பையைத் தூக்கியது ஒடிசா. அந்த அணிக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. நான்கு நாள்கள் கழித்து கோகுலம் கேரளாவையும் வென்று ஏ.எஃப்.சி கோப்பைக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார். அப்புறம் ஒடிசா யாரை கோச் ஆக்கியது தெரியுமா? அதே செர்ஜியோ லொபேராவை!

2024 ஜனவரியில் மோகன் பகானிலும் இதே கதை. ஃபெராண்டோ போய், புதிய பயிற்சியாளர் ஹபாஸ் வந்து சேரும் வரை சூப்பர் கோப்பையில் அணியைப் பார்த்துக்கொண்டவர் மிராண்டா. அந்த முறை கோப்பை வரவில்லை. ஈஸ்ட் பெங்காலிடம் 3-1 தோல்வி.

நம் ஊர் அரசுப் பள்ளிகளில் 'பொறுப்பு தலைமை ஆசிரியர்' என்று ஒருவர் இருப்பாரே, அவர்தான் மிராண்டா. மணி அடிப்பதிலிருந்து ரிசல்ட் வரை எல்லாம் அவர் தலையில்தான். ஆர்டர் மட்டும் வேறு யாருக்கோ வரும்.

இரண்டாவது கட்சி கையில் எடுப்பது இதைத்தான். கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கே வேலை கிடைக்காத நாட்டில், ஒரு கிளப்பாவது துணிந்திருக்கிறதே என்கிறார்கள். அவர்களிடம் ஒரு கணக்கும் இருக்கிறது. ஐ.எஸ்.எல் விதிப்படி களத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 வெளிநாட்டினர். மீதி 7 பேர் இந்தியர்கள். அந்த 7 பேரைத் தெரிந்த ஆள் வேண்டாமா? 23 வயதுக்குட்பட்ட இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்த மிராண்டாவுக்கு நாட்டின் இளம் வீரர்கள் யார் யார், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும். அந்த போன் புக்குக்கும் மதிப்பு உண்டுதானே?

ஒரு குறும்பான விஷயம். 2020 அரையிறுதியில் சென்னையிடம் 4-1 என்று வாங்கி, திருப்பி 4-2 என்று அடித்து, மொத்தத்தில் 6-5 என்ற கணக்கில் நூலிழையில் வெளியேறியது ஒரு அணி. அது கோவா. அன்று எதிர் பெஞ்சில் இருந்தவர் இதே மிராண்டா!

'சீப்'பா, சிறப்பா?

மூன்றாவது கட்சிக்கு இந்தியர் என்பதில் பிரச்னையே இல்லை. "இந்தியர்னா, நம்ம ஊர்க்காரர் ஏன் இல்லை?" என்பது அவர்கள் கேள்வி. தனபால் கணேஷை வியாசர்பாடியும், மைக்கேல் சூசைராஜை குமரிக் கடற்கரையும் கொடுத்திருக்கும்போது, கோச் மட்டும் எப்போதும் வெளியிலிருந்துதானா? சபீர் பாஷாவை இவர்கள் நினைவுபடுத்துகிறார்கள். சென்னையில் வளர்ந்து இந்தியாவுக்கு ஆடியவர். பல ஆண்டுகள் சென்னையின் எஃப்.சி-யின் உதவிப் பயிற்சியாளர். 2022-ல் பாண்டோவிச் போனபோது கடைசி சில ஆட்டங்களுக்கு அணியைக் கவனித்துக்கொண்டவர். பார்த்தீர்களா, அங்கேயும் 'பொறுப்பு'!

நான்காவது கட்சிதான் கசப்பானது. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் இந்த விவாதம் முழுமையாகாது. "இது நம்பிக்கை இல்லை பாஸ், சிக்கனம்" என்கிறது இந்தக் கட்சி. காரணம் இருக்கிறது. ஐ.எஸ்.எல் தொடரை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்குமான ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ம் தேதியோடு முடிவதாக இருந்தது. அதற்கப்புறம் என்ன என்பது முடிவாகாததால் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்.சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகவே அறிவித்தது. வருமானம் எப்போது வரும் என்று தெரியாத கிளப், ஐரோப்பாவிலிருந்து ஒரு கோச், அவருக்கு உதவியாளர், ஃபிட்னெஸ் ஆள் என்று ஒரு குழுவையே இறக்குமா?

கேள்வி சரி. ஆனால், செலவுக்கு அஞ்சி எடுத்த முடிவு என்பதாலேயே அது தவறான முடிவாகிவிடாது. இந்திய அணியையே பாருங்கள். 2025 ஆகஸ்ட்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். 2017-ல் ஐஸ்வால் என்ற சின்ன அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். வந்த வேகத்தில் மத்திய ஆசிய அணிகளின் தொடரில் ஓமனை பெனால்டி ஷூட் அவுட்டில் வீழ்த்தி மூன்றாமிடம். ஊரே கொண்டாடியது. அக்டோபர் 14 அன்று மார்கோவில் சிங்கப்பூரிடம் 2-1 தோல்வி, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போச்சு. மறுநாளே "இதுக்குத்தான் இந்தியக் கோச் வேண்டாம்னோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

ரசிகர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பிரடாரிச் 8-வது இடத்தில் முடித்தபோது "இனி ஐரோப்பியர்களே வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. பிரடாரிச் சரியில்லை, அவ்வளவுதான். ஓர் இந்தியர் தோற்றால் மட்டும், அவரோடு சேர்ந்து வரிசையில் நிற்கும் அத்தனை உதவிப் பயிற்சியாளர்களும் தோற்றுவிடுகிறார்கள். மிராண்டா சரியாகச் செய்யாவிட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த நாற்காலி சபீர் பாஷாக்களுக்கும் எட்டாது. மூன்றாவது கட்சிக்காரர்கள் இதை யோசித்தால் நல்லது.

ஆரம்பம் எப்படி? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அக்டோபர் இறுதியில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 2-0, ஈஸ்ட் பெங்காலிடம் 4-0 என்று தோல்வி. முதல் கட்சிக்கு வாயெல்லாம் பல். ஆட்டங்களே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த அணியை, வந்த சில நாள்களில் கொல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகள் முன்னால் நிறுத்தினால் வேறென்ன நடக்கும் என்று இரண்டாவது கட்சி பதில் சொன்னது. கடைசி ஆட்டம் 1-1 என்று டிரா. எதிரணி, மிராண்டா ஆடி வளர்ந்த அதே டெம்போ!

2025 இறுதியில் சென்னை பெரியமேட்டில் மரீனா அரீனா காலியாகக் கிடந்தது. மேளமும் பேனரும் வீட்டுப் பரணில். சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் என்றைக்கு என்று அப்போது தேதி வரவில்லை. ஆட்டம் என்று வந்துவிட்டால் நாலு கட்சியும் ஒரே கேலரியில்தான் உட்கார வேண்டும். அன்றைக்கு எதிரணி கேரளாவாக இருந்துவிட்டால், மிராண்டாவுக்குக் கூடுதல் டென்ஷன்தான்!