நல்ல தொழிலாளி நல்ல மேற்பார்வையாளர் ஆவாரா?

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், நான் பணியாற்றிய நிறுவனமொன்றில் ஓர் அச்சுக்கோப்பாளர் இருந்தார். எழுத்துப் பெட்டியைப் பாராமலே கோப்பார். அவர் கோத்ததில் பிழை காண்பது அரிது. போர்மன் ஓய்வுபெற்றதும் நிர்வாகம் அந்த இடத்துக்கு அவரையே நியமித்தது. நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம்.

வில்லங்கம் அன்றே தொடங்கியது. இளைஞர் எவராவது தடுமாறினால், "தள்ளி நில் தம்பி, நான் கோக்கிறன்" என்பார். மற்றவர்கள் கைகட்டி நிற்க, ஐந்து பேரின் வேலையை அவர் ஒருவரே செய்தார். பக்கங்கள் தாமதமாயின. தாமதத்துக்கான ஏச்சும் அவருக்கே கிடைத்தது. ஓராண்டு சென்றதும் தமது பழைய வேலையைத் தருமாறு கேட்டார். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். அவர் விலகிச் சென்றார். சிறந்த அச்சுக்கோப்பாளரை இழந்தோம். நல்ல போர்மன் ஒருவரும் கிடைக்கவில்லை.

பிழை அவருடையதன்று. கோப்பதற்கு ஆண்டுக்கணக்காகப் பயின்றவர் அவர். பிறரைக் கொண்டு கோக்கச் செய்வதற்கு ஒரு நாளேனும் அவருக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை. அது முற்றிலும் வேறொரு தொழில் என்பதை நிர்வாகம் உணரவில்லை.

படிநிலை அமைப்பில் ஒவ்வொருவரும் தமக்குத் திறமை போதாத பதவிவரை உயர்த்தப்படுகிறார்கள் என்று லோரன்ஸ் பீற்றரும் றேமண்ட் ஹல்லும் 1969 இல் வெளியிட்ட நூலில் அங்கதமாக எழுதினர். இது மாற்றமுடியாத விதியன்று. அந்நூலுக்கு முன்பே அதற்கு மருந்து கண்டாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமற்ற புதியவர்கள் பெருந்தொகையாக வந்தனர். அவர்களை வழிநடத்துவோருக்காக 1940 முதல் 1945 வரை அரசு ஒரு திட்டத்தை நடத்தியது. வேலையைக் கற்பித்தல், வேலைமுறையைச் சீராக்கல், ஊழியருடனான உறவைப் பேணல் என மூன்று பயிற்சிகள்; ஒவ்வொன்றும் 10 மணித்தியாலங்கள் மட்டுமே. கற்பித்தலுக்கு நான்கு படிகள் வகுக்கப்பட்டன. கற்பவரை ஆயத்தப்படுத்த வேண்டும். செய்துகாட்டி விளக்க வேண்டும். அவரையே செய்யவைக்க வேண்டும். பின்னர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். போரின் பின்னர் ஜப்பானுக்குச் சென்ற இம்முறையை டொயோட்டா நிறுவனம் 1950களில் தனதாக்கிக்கொண்டது.

எங்கள் போர்மன் மூன்றாம் படிக்கு வரவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு பிறர் செய்வதைப் பார்த்திருப்பது திறமைசாலிக்கு மிகக் கடினமான வேலை. அதனையே முதலில் பயிற்றுவிக்க வேண்டும்.

பதவியுயர்வுக் கடிதத்துக்கு முன்னர் பயிற்சியும், சில மாதப் பரீட்சார்த்த காலமும் வேண்டும். விரும்பாதவர் மானத்தோடு பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். மேற்பார்வையாளராகாமலே ஊதியத்திலும் மதிப்பிலும் உயரும் வாய்ப்பும் கைத்திறன் உள்ளவருக்கு வேண்டும்.

இதனை உபதேசமாகச் சொல்லவில்லை. செய்தி மேசைப் பொறுப்பு வந்தபோது நானும் அதே பிழையைச் செய்தவன். இளம் நிருபர்களின் செய்திகளை இரவிரவாக நானே திருப்பி எழுதினேன். ஒருநாள் ஒரு நிருபர் வந்து, "ஐயா, நான் எழுதினதில என்ன பிழை?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. மறுநாள் தொடக்கம் அவரை அருகில் அமர்த்தித் திருத்தினேன். ஆரம்பத்தில் நேரம் கூடுதலாகச் சென்றது. சில மாதங்களில் அவருடைய பிரதியில் பேனா வைக்கும் தேவை அநேகமாக எனக்கு ஏற்படவில்லை.