தீவனத்தில் இருக்கிறது முட்டை!

முட்டை விலை உயரும்போதெல்லாம் வியாபாரிகளையும் பண்ணையாளர்களையும் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், முட்டையின் விலையையும் தரத்தையும் பெருமளவு தீர்மானிப்பது தீவனம். அந்தத் தீவனத்தின் விலையைத் தீர்மானிப்பதில் தில்லியில் எடுக்கப்படும் முடிவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உட்கொள்கிறது. அதில் முக்கியமானவை மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. தீவனத்தில் அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்து ஈடுசெய்யும். ஓடு மெலியும், முட்டையிடுவதும் குறையும். மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் போதாவிட்டால் முட்டையின் எடையும் எண்ணிக்கையும் சரியும். உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும் தொழில் இது.

சோயா புண்ணாக்கின் விலை உச்சத்தைத் தொட்டபோது, 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயா புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி வழங்கியது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதும், ஆலைகள் மக்காச்சோளத்தை நாடின. 2024 ஜூனில் சுமார் 5 லட்சம் டன் மக்காச்சோளத்தை 15 சதவீத வரியில் இறக்குமதி செய்ய அனுமதிக்க நேர்ந்தது. இவை நெருக்கடிக்குப் பின் வந்த நிவாரணங்களே தவிர, கொள்கை அல்ல.

மக்காச்சோளத்துக்கு நல்ல விலை கிடைப்பது விவசாயிக்கு நன்மை. அதைத் தடுக்கக் கூடாது. எத்தனால் ஆலைகளில் எஞ்சும் உலர் சக்கையைத் தீவனமாக்கலாம் என்கிற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால், மாவுச்சத்து நீங்கிய அந்தச் சக்கையில், ஈரமான தானியத்தில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நச்சு ஏறத்தாழ மும்மடங்கு செறிந்துவிடும். நச்சு ஏறிய தீவனம் கோழியின் ஈரலைப் பாதித்து முட்டை உற்பத்தியைக் குறைக்கும். பரிசோதனை இல்லாமல் சக்கையைப் பண்ணைக்கு அனுப்புவது ஆபத்து.

மனிதர்களுக்குக் கடைசி மருந்தாகக் கருதப்படும் கோலிஸ்டினைக் கோழி வளர்ப்பிலும் தீவனத்திலும் பயன்படுத்துவது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது பாராட்டுக்குரியது. ஆனால், தடை காகிதத்தில் இருந்தால் போதாது. தீவன ஆலைகளிலும் மருந்துக் கடைகளிலும் கண்காணிப்பு தேவை.

2023-24-இல் நாட்டின் முட்டை உற்பத்தி 14,277 கோடி. தலைக்கு ஆண்டுக்கு 103. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையோ 180. ஏழைக் குழந்தைக்கு எளிதில் கிடைக்கும் தரமான புரதம் முட்டைதான் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. நாமக்கல் பண்ணையாளரையும் சத்துணவுக் கூடத்தில் தட்டேந்தும் குழந்தையையும் ஒருசேரப் பாதிக்கும் விஷயம் இது. எத்தனாலுக்கு எவ்வளவு மக்காச்சோளம் என்பதைப் பெட்ரோலியத் துறை மட்டும் கணக்கிட்டால் போதாது. கால்நடைத் துறையையும் விவசாயத் துறையையும் கலந்து, சாகுபடிப் பருவம் தொடங்குவதற்கு முன்பே முடிவெடுப்பதுதான் பொறுப்புள்ள அரசுக்கு அழகு.