மெஷின் யார் கையில?

கொல்லிமலை டூர் போனவங்க செம்மேட்டுல வல்வில் ஓரி சிலைகிட்ட செல்ஃபி எடுத்திருப்பீங்க. அந்த மலையில சாமையை உரல்ல குத்தி அரிசியாக்கினது தலைமுறை தலைமுறையா பெண்கள்தான். சிறுதானிய விவசாயம் குறைஞ்சதுக்கு அந்தப் பாடும் ஒரு காரணம். பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்குற மெஷின்களைக் கொண்டுவந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களே அதை இயக்கினாங்க.

நம்ம லேப்ல என்ன நடக்குது? பசங்க கையில சால்டரிங் அயர்ன், பொண்ணுங்க கையில ரெக்கார்டு நோட்டு. "உன் கையெழுத்து அழகா இருக்கு"னு பாராட்டியே ஒதுக்கிடுறோம். பொண்ணுங்களும் "நீயே பண்ணிடு"னு விட்டுடுறாங்க. இதுக்குச் சமூகத்தைத் திட்டிப் பயனில்லை. டீம்ல வேலை பிரிக்கிறது நாமதானே? அடுத்த ப்ராஜெக்ட்ல மாத்திப் பிரிச்சுப் பாருங்க.